சொல்லாமல் மூடிக்கொண்ட திரை

"ரெண்டு மாசத்துல பதினோரு தடவை" என்றார் அழகேசன். "வேலை நடந்துட்டு இருக்கும்போதே சாஃப்ட்வேர் தானா மூடிக்குது. ஒரு தடவைகூட ஏன்னு சொன்னதில்ல."

சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே கணிப்பொறி முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மிஷின் தப்புன்னா எரர்னு ஒரு பெட்டி வரும் சார். இதுல ஒண்ணுமே வர்றதில்ல. அப்ப இது மிஷின் வேலை இல்ல. மனுஷ வேலை."

"எந்த மனுஷன்?" என்றாள் ராதிகா.

"மனுஷன் இல்லம்மா. மனுஷி."

மணி பன்னிரண்டே கால். வியாழக்கிழமை. பாரிவாக்கத்தில் அழகேசனின் தகரக் கொட்டகை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது. மாங்காட்டிலிருந்து குமணன்சாவடி, பூந்தமல்லி என்று வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்ததில் எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ராதிகாவுக்கு வாய் மட்டும் விட்டுப்போகவில்லை.

எங்களைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் பரந்தாமன். கணிப்பொறி பழுது பார்ப்பவன். பழுதுகளில் பாதி கணிப்பொறிக்குள் இருப்பதில்லை, அதைச் சுற்றி இருக்கும் மனிதர்களிடம் இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அதிலிருந்து ராதிகா என்னைத் துப்பறிவாளர் ஆக்கிவிட்டாள். தன்னை உதவியாளர் என்று சொல்லிக்கொண்டாள். என் மனைவி என்பதை மட்டும் வாடிக்கையாளர்களிடம் சொல்ல மாட்டாள். "சொன்னா என் பேச்சை எவன் மதிப்பான்?" என்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்று அவள் பேசியது எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் பேசியதில்தான் பாதி மறந்துவிட்டது.

அழகேசன் அந்த ஊர்க்காரர். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருடைய பட்டறை. வாகன உதிரி பாகங்களுக்கான இரும்பு அச்சுகள் செய்கிறார். அச்சை முதலில் கணிப்பொறியில் வரைய வேண்டும். வரைவது ஸ்வாதி, அந்த முதுகுக்குச் சொந்தக்காரி.

"அந்தப் பொண்ணுக்கு உங்க மேல இன்னா கோவம்?" என்றாள் ராதிகா.

"வேற கம்பெனிக்குப் போறா. அம்பத்தூர்ல. நோட்டீஸ் குடுத்தா. அதுலேருந்து வேலையைக் கெடுக்கறா. வரைஞ்சது அத்தனையும் ஒரு செகண்ட்ல போயிடுது. டெலிவரி லேட்டு. ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிக்காரன் போன்ல என் பரம்பரையையே விசாரிக்கறான்."

"நோட்டீஸ் எப்ப கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் ஆவுது."

"மூடிக்கிறது ரெண்டு மாசமா நடக்குதே?"

அழகேசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "முன்னாடியே முடிவு பண்ணியிருப்பா."

"தீர்க்கதரிசி" என்றாள் ராதிகா.

*

ஸ்வாதிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஊர் திருக்கோவிலூர் பக்கம். நசரத்பேட்டையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். அழுது முடித்த முகம் அல்ல, அழ நேரமில்லாத முகம்.

"சார், இன்னைக்கு மூணு மணிக்குள்ள ரிலீவிங் லெட்டரை மெயில்ல அனுப்பணும். இல்லைன்னா அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி தள்ளி வாங்கிட்டேன். மூணாவது தடவை கேட்க முடியாது."

"லெட்டர் தரமாட்டேன்னு சொல்றாரா?"

"தர்றேன்னுதான் சொல்றார்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

மூன்று வரிகள். இவர் இங்கே இரண்டரை ஆண்டுகள் பணிபுரிந்தார் என்றது முதல் வரி. பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றது இரண்டாவது. பணிக்காலத்தில் நிறுவனத்தின் கணிப்பொறி வேலைகளுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தார் என்றது மூன்றாவது.

ராதிகா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னால ஒண்ணும் இல்லியா? கொலை கிலைன்னு?"

ஸ்வாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"இதை அனுப்பினா எவனும் வேலை தரமாட்டான் அக்கா. அந்தக் கம்பெனி மட்டும் இல்ல, எந்தக் கம்பெனியும்."

ஆக எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மென்பொருள் கோளாறாகி நின்றால் கணிப்பொறி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும். எங்கே அடிபட்டது, எத்தனை மணிக்கு, எல்லாம் இருக்கும். பதினோரு தேதிகளையும் தேடினேன். ஒரு வரி இல்லை. வரைபட மென்பொருள் நல்லபடி திறந்தது, நல்லபடி மூடியது, அவ்வளவுதான்.

"இன்னா தொர, பொணம் கெடைச்சுதா?"

"இல்லை. அதுதான் விஷயம். செத்திருந்தால் கிடைத்திருக்கும். இது சாகவில்லை. எழுந்து வெளியே போயிருக்கிறது."

"செருப்பு மாட்டிகினா?"

"மாட்டிக்கொண்டு."

"அப்ப சண்டை போட்டுகினு போயிருக்குது. எதையோ பார்த்து மனசு ஒடிஞ்சு பூட்ச்சி."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதுவே சரியான கேள்வியாக எனக்குப் பட்டது. எதைப் பார்த்து?

வெளியே எந்திரச் சத்தம் நின்றது. மேஸ்திரி முனியன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அறுபதை நெருங்கியவர். வலது கையில் சுண்டு விரலும் அதற்கடுத்ததும் இல்லை.

"வோல்டேஜுங்க" என்றார். "நான் மிஷின் போட்டா லைட்டு மங்குது. அதான்."

"வோல்டேஜ் குறைஞ்சா கம்ப்யூட்டரே அணையும். இந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் போகாது."

"அப்ப எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணு பண்ணல."

"எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு தபா மூடிக்கும்போதும் அது மூஞ்சியைப் பார்த்துகினுதான கீறேன்? நடிக்கத் தெரிஞ்ச பொண்ணா இருந்தா எதுக்கு இந்தத் தகரக் கொட்டாயில வெந்துகினு கீது?"

*

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். ராதிகா தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அழகேசன் எங்களுக்கு மோர் வரவழைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை. தான் சந்தேகப்படுகிற பெண்ணுக்கும் சேர்த்தே வரவழைத்தார்.

வாசல் பக்கத்துச் சுவரில் கைரேகை வைக்கும் வருகைப் பதிவு எந்திரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் விரலை வைத்தார். அது ஒரு பெண் குரலில் "தேங்க் யூ" என்றது.

"இந்த எடத்துல மருவாதி தெரிஞ்ச ஒரே ஆளு" என்றாள் ராதிகா.

"புதுசா போட்டது" என்றார் அழகேசன், கொஞ்சம் பெருமையோடு. "ரெண்டு மாசம் ஆவுது. நோட்டுல எவனும் சரியான நேரம் எழுதறதில்ல. இப்ப ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் பிடிச்சிடும். இதோட சாஃப்ட்வேர் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்குது. அரை மணிக்கு ஒரு தடவை இன்டர்நெட்லேருந்து கரெக்ட் டைம் எடுத்து வெச்சுக்கும். எவனும் ஏமாத்த முடியாது."

நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை அப்போதே பிடித்திருக்க வேண்டும். வெயில், வயது, தயிர்சாதம். விட்டுவிட்டேன்.

ஸ்வாதி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எங்கள் பக்கம் தள்ளினாள். மென்பொருள் மூடிக்கொண்ட ஒவ்வொரு முறையும் தன் கைப்பேசியில் நேரம் பார்த்து எழுதி வைத்திருந்தாள். தன்மேல் பழி வரும் என்று தெரிந்தவர்கள் இப்படித்தான் எழுதி வைப்பார்கள்.

ராதிகா உரக்கப் படித்தாள். "திங்கள் எட்டு. வெள்ளி பதினொண்ணு. செவ்வாய் மூணரை. சனி ஒம்போதரை. மறுபடி திங்கள் எட்டரை. புதன் பன்னெண்டரை. வியாழன் ரெண்டு…"

"பாத்தீங்களா?" என்றார் அழகேசன். "எல்லாம் மணியடிச்ச மாதிரி. முழு மணி, இல்லாட்டி அரை மணி. கடிகாரம் பார்த்து மூடறா."

ஸ்வாதி எழுந்து தட்டைக் கழுவப் போனாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நடை.

ராதிகா நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்தாள். அவள் தலைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கியது.

"இன்னாங்க இது, ஒரு நாளு காலங்காத்தால போவுது, ஒரு நாளு மத்தியானம் போவுது, ஒரு நாளு டீ டைமுக்குப் போவுது. உங்க அம்மா இருந்தாங்களே, ராகு காலம் வந்தா வாசப்படியைத் தாண்ட மாட்டாங்க. இது நேர்மாறு. கரெக்டா ராகு காலம் பார்த்து வெளிய கிளம்புது."

கையில் இருந்த மோரை நான் கீழே வைத்தேன்.

"மறுபடி சொல்லு."

"இன்னாத்தை? உங்க அம்மாவைச் சொன்னதா? அதுக்கு மன்னிப்பு."

"ராதிகா, அந்தக் காலண்டரைப் பார்."

திரும்பிப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி காலண்டர். திங்கள் ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. நோட்டில் எட்டு, எட்டரை. சனி ஒன்பதிலிருந்து பத்தரை, நோட்டில் ஒன்பதரை. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு, நோட்டில் பதினொன்று. பதினோரு முறையும் தப்பவில்லை.

"அடப்பாவி" என்றாள் மெதுவாக. "இத்தோட கம்பெனிக்காரன் எந்த ஊர் ஐயரு?"

*

நான் ராகு காலத்தை நம்புகிறவன் இல்லை. வரைபட மென்பொருளும் நம்பாது. ஆனால் மனிதர்கள் நம்புவார்கள். அப்படியானால் ராகு காலத்தில் யாரோ ஏதோ செய்கிறார்கள்.

ஸ்வாதியைக் கூப்பிட்டு, மூடிக்கொண்ட நாட்களில் அவள் வரைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னேன். முதல் திங்கட்கிழமைக் கோப்பு. ஒரு கோப்பு எப்போது உருவானது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற இரண்டு நேரமும் அதில் இருக்கும்.

உருவானது: காலை ஒன்பது ஆறு. கடைசியாகத் திருத்தியது: அதே நாள், காலை எட்டு ஐம்பது.

ராதிகா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பொறக்கறதுக்கு முன்னாடியே மொட்டை அடிச்சிருக்காங்களே கொழந்தைக்கு!"

வெள்ளிக்கிழமைக் கோப்பு. உருவானது பன்னிரண்டு ஐந்து. திருத்தியது பதினொன்று நாற்பது. செவ்வாய்க்கிழமைக் கோப்பு உருவானது நாலு முப்பத்தைந்து. எல்லாக் குழந்தைகளும் ராகு காலம் முடிந்து ஐந்தாறு நிமிஷத்தில் பிறந்திருந்தன.

"ஸ்வாதி, திங்கட்கிழமை இதை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

"எட்டு மணிக்கு முன்னாடி சார். ஷிப்டே ஏழரைக்குத்தானே? மூடினதும் திரும்பத் திறந்து வரைஞ்சேன்."

"இந்த நாற்காலியில் வேறு யார் உட்காருவாங்க?"

"யாரும் இல்ல சார்." கொஞ்சம் யோசித்தாள். "புது வேலை வரும்போது மட்டும் மொதலாளி உட்காருவார். முதல் கிளிக் அவர் கைதான். கைராசி. நான் எழுந்து தள்ளி நிக்கணும். அது எப்பவும் நடக்கறதுதானே?"

எப்போதும் நடப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவள் பதினோரு நேரங்களை எழுதி வைத்தாள். அதற்குச் சற்று முன்னால் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று ஒரு முறைகூட எழுதவில்லை.

மணி ஒன்று நாற்பது. அழகேசன் கைப்பேசியோடு வேகமாக உள்ளே வந்தார்.

"ஸ்ரீபெரும்புதூர்லேருந்து புது டிராயிங் வந்திருக்கு. உடனே ஆரம்பிக்கணுமாம். எழுந்திரும்மா."

ஸ்வாதி எழுந்தாள். நானும் எழுந்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு விநாடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு மவுஸைத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோனார். ரொம்ப சாதாரணமாக, நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வது போல. அதன் பிறகு மென்பொருளைத் திறந்தார். அது திரை முழுவதும் பரவிக் கீழ் மூலையை மறைத்துக்கொண்டது. முதல் கோட்டைப் போட்டார்.

"உம், வரைம்மா."

"வேண்டாம்" என்றேன். "ஸ்வாதி, நீங்க வெளியே போய் முனியன் பக்கத்தில் நில்லுங்க. ராதிகா, நீயும் போ. இரண்டு மணி வரைக்கும் இந்தக் கணிப்பொறியை யாரும் தொடக் கூடாது. அழகேசன் சார், நாம ரெண்டு பேரும் இங்கேயே உட்காரலாம்."

"வேலை கெடக்குது சார்!"

"இருபது நிமிஷம். பதினோரு தடவை போனதுக்கு இது பெரிசா?"

அவர் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. கண்ணாடிக்கு வெளியே ஸ்வாதி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ராதிகா அவள் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. அது என்ன நகைச்சுவை என்று வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஒன்று ஐம்பத்தொன்பது. அழகேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு வரைபட மென்பொருள் மூடிக்கொண்டது. சத்தமில்லை, பெட்டியில்லை, மன்னிப்பில்லை. கீழ் மூலையில் கடிகாரம் மட்டும் வெளியே தெரிந்தது. சரியாக இரண்டு.

அழகேசன் வெளியே நின்ற ஸ்வாதியைப் பார்த்தார். கட்டிய கை கட்டியபடி இருந்தது.

*

"கடிகாரத்தை எத்தனை மணிக்குத் தள்ளி வெச்சீங்க சார்?" என்றேன்.

ராதிகாவும் ஸ்வாதியும் உள்ளே வந்துவிட்டார்கள். முனியன் கதவருகில் நின்றார்.

"மூணு அஞ்சுக்கு" என்றார் அழகேசன்.

"ஏன்?"

"ராகு காலத்துல புது வேலை ஆரம்பிக்க மாட்டேன். ஆனா கம்பெனிக்காரன் பத்து நிமிஷத்துல 'ஆரம்பிச்சாச்சா'ன்னு கேப்பான். ஒன்றரை மணி நேரம் பொறுன்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா? அதான் கம்ப்யூட்டர்ல நேரத்தைத் தள்ளி வெச்சுட்டுத் தொடங்குவேன். அதுக்கு அப்ப ராகு காலம் முடிஞ்சிருக்கும்ல?"

"ராகுவுக்கே டைமை மாத்திக் காட்டினீங்களா?" என்றாள் ராதிகா. "பெரிய ஆளுங்க நீங்க."

"பத்து வருஷத்துக்கு மேல இப்படித்தாம்மா பண்றேன். சாயங்காலம் எல்லாத்தையும் மூடினப்புறம் நானே திருப்பி வெச்சுடுவேன். ஒண்ணும் ஆனதில்ல."

"அதனால்தான் ஆகவில்லை" என்றேன். "இப்போது உங்கள் வருகைப் பதிவு எந்திரம் வந்துவிட்டது. நீங்கள் மூணு அஞ்சு என்கிறீர்கள். அரை மணிக்கு ஒரு முறை அது வந்து, இல்லை இரண்டு மணி என்று திருத்துகிறது. வரைபட மென்பொருள் வருஷச் சந்தாவில் ஓடுவது. அதற்குக் கடிகாரம் பின்னால் போனால் ஆகாது. சந்தா முடிந்த பிறகும் ஓட்டுவதற்காக யாரோ நேரத்தை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். பேசாமல் எழுந்து போய்விடும்."

"ஒரு நிமிஷம் லேட்டா வர்றவனைப் பிடிக்க வாங்கின மிஷினு" என்றார் முனியன் கதவருகிலிருந்து. "மொதலாளியவே பிடிச்சிருச்சா?"

ஸ்வாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினைந்து.

"சார், லெட்டர்."

அழகேசன் தலையாட்டினார். மூன்றாவது வரியை அவரே அழித்தார். அச்சுப் பொறியிலிருந்து தாள் வந்தது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். கை அப்படியே நின்றது.

"மூணு மணிக்கு மேல போட்டுத் தரேம்மா."

"மூணு மணிக்குள்ள அனுப்பணும் சார்!"

"தெரியுதும்மா. ஆனா இப்ப ராகு காலம். இது ஒரு பொண்ணோட வாழ்க்கைக் காகிதம். அதுல போய் இந்த நேரத்துல நான் எப்படி…"

"அது இன்னாங்க, இவ கெட்ட பேரை மட்டும் எந்த நேரத்துல வேணாலும் எழுதலாமா?" என்று ராதிகா அந்தப் பெண்ணுக்காகக் கேட்டாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. அது பிடிவாதம் இல்லை, பயம்.

"உங்களுக்குத் தெரியாது சார்" என்றார் என்னிடம். "ஒரே ஒரு தடவை ராகு காலத்துல வேலை ஆரம்பிச்சேன். பன்னெண்டு வருஷம் முன்னாடி, செவ்வாய்க்கிழமை, மூணே கால். அன்னிக்குத்தான் இரும்பு அமுக்கற பிரஸ்ல இவன் வெரலு போச்சு."

முனியன் உள்ளே வந்தார். மேசையின் மேல் தன் வலது கையை வைத்தார். மூன்று விரல்.

"அழகேசா" என்றார்.

இத்தனை நேரமும் அவர் வாயில் மொதலாளி என்ற சொல்தான் வந்துகொண்டிருந்தது. அழகேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரஸ்ஸு முன்னால கம்பிக் கூண்டு ஒண்ணு மாட்டியிருந்துச்சு, நெனப்பு கீதா? கை உள்ள போவாம இருக்கறதுக்கு. அது இருந்தா வேலை மெதுவா ஆவுது, கழட்டிடுன்னு அன்னிக்குக் காலையில சொன்னது யாரு? ராகுவா?"

அழகேசன் அந்தக் கையைப் பார்த்தார்.

"நீயும் நானும் ஒரே ஏரியில குளிச்சவனுங்க. அதான் நானும் ஒண்ணும் கேக்கல. நீ ராகு மேல போட்டே. சரி, சாமி தாங்கும்னு உட்டுட்டேன். இப்ப இந்தப் பொண்ணு மேல போடற. இது தாங்காதுடா."

வெளியே யாரோ எந்திரத்தைப் போட்டார்கள். விளக்கு ஒருமுறை மங்கிப் பிறகு சரியாயிற்று. இரண்டு முப்பத்திரண்டு.

அழகேசன் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நிறுவன முத்திரையைத் தேடி எடுத்தார். அதை மையில் ஒற்றியவர் தாளில் வைக்காமல் தயங்கினார். முனியன் அதை வாங்கி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

ஸ்வாதி தாளைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். முதல் படம் ஆடிவிட்டது. "மூச்சை விடு, அப்பால எடு" என்றாள் ராதிகா. இரண்டாவது சரியாக வந்தது. மின்னஞ்சல் இரண்டு நாற்பத்தொன்றுக்குப் போனது. கிடைத்தது, திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அவள் அதை உரக்கப் படிக்கவில்லை. ராதிகாவிடம் நீட்டினாள். ராதிகா முனியனிடம் காட்டினாள். முனியனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நிதானமாக, முழுவதும் பார்த்தார்.

நான் நேரத்தைத் திருத்தும் அமைப்பை ஒரு முறை சரிபார்த்துவிட்டு என் பையை மூடினேன். கடிகாரத்தைத் தொடாத வரை இனிமேல் மூடாது என்று சொன்னேன். அழகேசன் அதைக் கேட்கவில்லை. நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று ஆகவில்லை.

"ஏம்மா ஸ்வாதி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்த நேரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க போய் உனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

ஸ்வாதி தன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவள், நின்று அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு மாதக் களைப்பு மட்டும் இருந்தது.

"ஏதாவது ஆச்சுன்னா ஏன்னு நான் தேடிப் பார்த்துக்கறேன் சார். யார் மேலயும் போட மாட்டேன்."

ராதிகா ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வெயிலில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள்.